நைனாவின் வலது பக்கம்

2017 மே மாதம், கத்திரி வெயில். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் 45 நாளிலிருந்து 61 நாளாகக் கூடியது அந்த வருஷம்தான். காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வரிசையாக நின்றன. நைனா, என் அப்பா, வீட்டு வாசலில் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். காலை பதினொரு மணி இருக்கும். வலை ஊசி கையிலிருந்து நழுவியது. எடுத்தார். மறுபடி நழுவியது. மூன்றாம் தடவை எடுக்கப் போன கை, ஊசிக்கு அரை அடி தள்ளி விழுந்து அங்கேயே கிடந்தது. "இன்னா ஆச்சு?" என்று அம்மா கேட்டதற்கு வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

தெருவே கூடிவிட்டது. "வெயில் அடிச்சிருக்கும், தலையில தண்ணி ஊத்துங்க" என்றார் ஒருவர். ஊற்றினார்கள். நன்னாரி சர்பத் கரைத்து வாயில் விட்டார்கள். அது இடது ஓரமாக உள்ளே போய் வலது ஓரமாக வழிந்தது. எதிர்வீட்டு அண்ணன் என் அம்மாவுக்குத் தைரியம் சொன்னார்: "நாப்பது வருஷமா வெயில்ல நின்ன உடம்பு அக்கா. பழகின உடம்பு. கொஞ்சம் படுக்கட்டும், எழுந்துடுவாரு." அன்பாகத்தான் சொன்னார். அன்று எங்கள் தெருவில் இருந்த எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அந்த அன்போடு இரண்டரை மணி நேரம் போய்விட்டது.

தண்டையார்பேட்டையில் இருக்கும் எனக்குத் தகவல் வந்து, நான் ஓடிவந்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய், ஸ்கேன் எடுத்து முடிக்கும்போது மாலை நாலரை. மூளையின் இடது பக்கத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது. அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "எத்தனை மணிக்குத் தொடங்கிச்சு?" என்று டாக்டர் கேட்டார். நான் பதில் சொன்னதும் அவர் பேனாவை மூடிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான் பள்ளியில் அறிவியல் பாடம் எடுப்பவள். வெயில் தாக்குவதற்கும் பக்கவாதத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். வெயில் தாக்கினால் உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல் ஏறும், மனிதர் குழம்புவார், உளறுவார், மயங்குவார். ஆனால் அது ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அடிப்பதில்லை. முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் அது பெரும்பாலும் மூளை. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்காமல், வாயில் எதையும் ஊற்றாமல், 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். என் தெருவுக்குச் சொன்னதில்லை.

---

நைனா பிழைத்தார். வலது கையும் காலும் போயின. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: தண்ணி.

தாகத்துக்கும் தண்ணி, பசிக்கும் தண்ணி. என்னைக் கூப்பிட வேண்டுமானாலும் தண்ணி. கோபம் வந்தால் அதே சொல்லை அடித்துச் சொல்வார், பேத்தி வந்தால் அதையே இழுத்துக் கொஞ்சுவார். ராகம் மாறும், சொல் மாறாது. கடலுக்குப் போகிறவர்களுக்குத் தண்ணி என்றால் குடிக்கிற தண்ணி மட்டும் இல்லை. நீரோட்டமும் தண்ணிதான். "இன்னிக்குத் தண்ணி எப்டி?" என்றுதான் விடியற்காலையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். நாற்பது வருஷமாக ஒரு நாளைக்கு நூறு முறை சொன்ன சொல் என்பதால் அது ஆழத்தில் தங்கிவிட்டதோ என்று நினைத்துக்கொள்வேன்.

பிரான்சில் லெபோர்ன் என்று ஒரு மனிதர் இருந்தார். அவருக்கு வாயில் வந்ததெல்லாம் "டான்" என்ற ஒரே ஒலி. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை டான் என்றே கூப்பிட்டார்கள். 1861-ல் அவர் இறந்தபின் பால் புரோக்கா என்ற மருத்துவர் அவருடைய மூளையைப் பார்த்தார். இடது பக்கத்தில், நெற்றிக்குப் பின்னால், ஒரு பகுதி சிதைந்திருந்தது. பேச்சை உண்டாக்கும் இடம் மூளையின் இடது பாதியில் இருக்கிறது என்ற அறிவு அங்கிருந்துதான் வலுப்பெற்றது. 1874-ல் கார்ல் வெர்னிக்கே, சொல்வதைப் புரிந்துகொள்ளும் வேலையோடு தொடர்புள்ள இன்னொரு இடத்தை, அதுவும் இடது பாதியிலேயே, காட்டினார். வலது கைக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குப் பேச்சு இடது பக்கம்தான். நைனா வலது கைக்காரர்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு பெரியவர். அவருக்கு அடைப்பு வலது பாதியில். ஆஸ்பத்திரி கதை, ஊர்க் கதை எல்லாம் சரளமாகப் பேசுவார். ஆனால் தட்டில் இட்லி வைத்தால் வலது பக்கத்து இரண்டைத் தின்றுவிட்டு, "இன்னும் ரெண்டு வைக்கக் கூடாதாம்மா?" என்பார். இடது பக்கம் இரண்டு இட்லி ஆறிக்கொண்டிருக்கும். அவர் மனைவி ஒன்றும் சொல்லாமல் தட்டைத் திருப்பி வைப்பார். உடனே கை அவற்றுக்குப் போகும். கண்ணில் கோளாறு இல்லை. உலகத்தின் இடது பாதி அவருடைய கவனத்திலிருந்து போய்விட்டது.

1978-ல் இத்தாலியில் பிசியாக், லுட்சாட்டி என்ற இருவர் இப்படிப்பட்ட நோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். மிலன் நகரத்துப் பெரிய சதுக்கத்தை நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். பேராலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்துச் சொன்னபோது வலது பக்கத்துக் கட்டடங்களையே சொன்னார்கள். பேராலயத்துப் படியில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், சற்று முன் விட்டுப்போன கட்டடங்கள் எல்லாம் வந்தன, முன்பு சொன்னவை காணாமல் போயின. ஞாபகத்தில் ஊர் முழுசாகத்தான் இருந்தது. எந்தப் பக்கம் நிற்கிறோமோ அதற்கு இடது பக்கத்தைப் பார்க்கத்தான் அவர்களால் முடியவில்லை. இதைப் படித்த இரவு, கண்ணை மூடி காசிமேட்டு ஏலக்கூடத்தில் நின்று பார்த்தேன். இடது பக்கம் ஐஸ் உடைக்கிற இடம், வலது பக்கம் படகுகள். ஒரு பாதி இல்லாத காசிமேட்டை எனக்கு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆக, மூளையின் இரண்டு பாதிக்கும் வேலைப் பிரிவினை உண்மைதான். அதை நான் இரண்டு கட்டில்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தவள். அதனால்தான் பின்னால் சொல்லப்போகும் விஷயங்களில் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

---

மூன்றாம் மாதம். ஒரு சாயங்காலம் அம்மா நைனாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தார். கனத்த உடம்பைப் புரட்ட வேண்டும். தனி ஆளாகப் புரட்டும்போது, பாரம் தூக்குகிற பழக்கத்தில், அம்மா வாயில் தானாக வந்தது: "ஏலேலோ..."

கட்டிலிலிருந்து தெளிவாகப் பதில் வந்தது. "ஐலசா."

அம்மா கையிலிருந்த வேட்டியை அப்படியே போட்டுவிட்டார். மறுபடி சொன்னார். மறுபடி பதில் வந்தது. நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்தபோது அம்மா அழுதுகொண்டே பாடிக்கொண்டிருந்தார், நைனா வலை இழுக்கும் அம்பாப் பாட்டை அடி அடியாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாலைந்து முழு வரி. அதில் மீன் பெயர் இருந்தது, காற்றின் பெயர் இருந்தது. பாட்டை நிறுத்திவிட்டு, "நைனா, இது யாரு?" என்று என்னைக் காட்டிக் கேட்டேன். "தண்ணி" என்றார்.

பேச்சு போன பலருக்குப் பாட்டு போவதில்லை என்பது மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த விஷயம். 1973-ல் பாஸ்டனில் இதை வைத்தே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். சொல்ல வேண்டியதை ராகம்போல் இழுத்துச் சொல்ல வைத்து, ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடது கையைத் தட்டுவார்கள். இடது கையை ஆள்வது வலது மூளை. ராகத்தைப் பிடிப்பதில் வலது மூளைக்குப் பெரிய பங்கு உண்டு. பயன் ராகத்தால் வருகிறதா, தாளத்தால் வருகிறதா, எத்தனையோ முறை பாடிப் பதிந்த வரி என்பதால் வருகிறதா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்த வாதத்துக்கு நேரமில்லை. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் சொன்னபடி நான் தினமும் நைனாவின் இடது கையைத் தட்டித் தட்டி "சோ-று-வே-ணும்" என்று இழுத்துப் பாடினேன். எட்டு மாதத்தில் ஏழெட்டு வாக்கியங்கள் வந்தன. அதற்கு மேல் வரவில்லை. அந்த ஏழெட்டில் என் பெயர் ஒன்று.

---

அடுத்த வருஷக் கோடை விடுமுறையில் என் மகளின் வகுப்புத் தோழியின் அம்மா ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். குழந்தையின் வலது மூளையை எழுப்புகிறோம், கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்க வைக்கிறோம், 8,000 ரூபாய். என் மகள் இடது கைக்காரி. அவள் சாப்பிடும்போதெல்லாம் ஆயா "பீச்சாங்கையால சாப்டாத பாப்பா" என்று கையைத் தட்டிவிடுவார். அந்த வகுப்பு நடத்தியவர் முதல் நாளே "இவ பிறவியிலேயே வலது மூளைக் குழந்தை, கணக்கு வராது, கலைதான் வரும்" என்று எழுதிக் கொடுத்தார். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

நைனாவைப் பார்த்துக்கொண்டிருந்த களைப்பில், எங்கள் வீட்டில் ஒரு மூளையாவது நன்றாக இருக்கட்டும் என்ற ஆசையில், நான் பணம் கட்டினேன். நாலாம் நாள் மகள் என் காதில் வந்து சொன்னாள்: "அம்மா, மூக்குப் பக்கத்துல துணிக்கும் கன்னத்துக்கும் நடுவுல கேப் இருக்குது. எல்லாரும் அது வழியாத்தான் பாக்குறாங்க. சார் அது தப்பில்லைன்றாரு." பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்க நான் பணம் கட்டியிருக்கிறேன். பணத்தைக் கேட்டுப் போனேன். தரவில்லை.

அந்தச் சீட்டில் இருந்ததில் ஒன்றுகூட நிற்காது. உலகில் சுமார் பத்தில் ஒருவர் இடது கைக்காரர். அவர்களிலும் பத்துக்கு ஏழு பேருக்குப் பேச்சு இடது மூளையில்தான் இருக்கிறது. ராஜர் ஸ்பெரி வலிப்பு நோயாளிகளிடம் செய்த ஆராய்ச்சிக்கு 1981-ல் நோபல் பரிசு வாங்கினார். அந்த நோயாளிகளுக்கு மூளையின் இரு பாதியையும் இணைக்கும் பாலம் அறுவை சிகிச்சையில் வெட்டப்பட்டிருந்தது. அப்படி வெட்டினால்தான் இரண்டும் தனித்தனியாக நடந்துகொள்வது தெரியவருகிறது. நம் தலையில் அந்தப் பாலம் அறுபடாமல் இருக்கிறது. சுமார் 20 கோடி நரம்பிழைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேதி கடத்திக்கொண்டே இருக்கின்றன. ஒருவர் வலது மூளைக்காரர், இன்னொருவர் இடது மூளைக்காரர் என்று மனிதர்களே பிரிந்து கிடக்கிறார்களா என்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேனை ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். அப்படி ஒரு பிரிவு அவர்களுக்குத் தென்படவில்லை. வேலைகள் பக்கம் பிரிந்திருக்கின்றன, ஆட்கள் பிரியவில்லை.

நைனா கடலில் இடம் பிடித்த விதத்தைச் சொன்னால் இது இன்னும் நன்றாக விளங்கும். ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால், மீன் கிடைத்த இடத்துக்கு மறுநாளும் போய்ச் சேர கரையில் தெரியும் இரண்டு பொருளை ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் நிறுத்துவார். ராயபுரம் சர்ச் கோபுரம் துறைமுகத்துக் கிரேனுக்கு நேர் பின்னால் வர வேண்டும். அது ஒரு கோடு. வடக்கே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளை வைத்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் வலை. அந்த இடத்துக்கு ஒரு பெயர் வைப்பார், அந்தப் பெயரை என் சித்தப்பாவுக்குச் சொல்லிக்கொடுப்பார். கோடு பார்ப்பதில் ஒரு பாதிக்குப் பங்கு அதிகம், பெயர் சொல்வதில் மற்றப் பாதிக்கு. பெயர் இல்லாமல் அந்த இடம் சித்தப்பாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. இடம் இல்லாமல் பெயருக்கு வேலையும் இல்லை.

---

இதெல்லாம் ஓய்ந்திருந்த நேரத்தில், சென்ற வருஷம் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நீண்ட செய்தி வந்தது. குளிர் நாட்டில் பிழைக்கத் திட்டம் வேண்டும், அதனால் வெள்ளைக்காரனுக்கு இடது மூளை வளர்ந்தது. வெயில் நாட்டில் மரத்திலேயே பழம் கிடைக்கும், அதனால் நமக்கு வலது மூளை, உணர்ச்சி, பாட்டு, சோம்பல். படித்தவர்கள் பதினோரு பேர் கைதட்டல் போட்டிருந்தார்கள்.

இந்தப் பேச்சு பழையது. 1748-லேயே மான்டெஸ்க்யூ என்ற பிரெஞ்சு அறிஞர் ஆட்டு நாக்கில் பாதியை உறையவைத்து, உறைந்த இடத்தில் சுவை முடிச்சுகள் சுருங்கி மறைவதை நுண்ணோக்கி வைத்துப் பார்த்தார். குளிர் நரம்பை மந்தமாக்கி உடம்பை உறுதியாக்குகிறது, வெப்பம் உணர்ச்சியைக் கிளப்பி மனிதரைக் கோழையாகவும் சோம்பேறியாகவும் ஆக்குகிறது என்று அதிலிருந்து எழுதினார். ஓர் ஆட்டு நாக்கிலிருந்து பாதி உலகத்துக்குத் தீர்ப்பு. 1915-ல் எல்ஸ்வொர்த் ஹண்டிங்டன் என்ற அமெரிக்கர் இதையே நாகரிகத்தின் கணக்கு என்று வரைபடம் போட்டுக் காட்டினார். அந்தக் காலத்து ஆட்சிகளுக்கு அது வசதியாக இருந்தது. இப்போது அதற்கு மூளைப் பாதி என்று புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள்.

கடுமையான சூழலுக்கு மனித உடம்பு மாறியதா என்றால், மாறியிருக்கிறது. திபெத்தியர்களிடம் இருக்கும் ஒரு மரபணு, உயரத்தில் ரத்தம் கெட்டிப்படாமல் காக்கிறது. அது டெனிசோவர் என்ற பழைய மனித இனத்திடமிருந்து வந்தது என்று 2014-ல் கண்டார்கள். தென்கிழக்கு ஆசியாவில் மூச்சடக்கி மீன் பிடிக்கும் பஜாவு மக்களின் மண்ணீரல், பக்கத்து ஊர்க்காரர்களுடையதைவிடப் பாதி மடங்கு பெரியது என்று 2018-ல் அளந்தார்கள். துருவத்தை ஒட்டி வாழும் மக்களுக்கு உடம்பு கனமாகவும் கைகால் குட்டையாகவும் இருக்கும், சூடு வெளியே போகும் பரப்பு அதனால் குறைகிறது. ரத்தம், மண்ணீரல், கைகால். மனிதரில் சூழல் மாற்றியது இவை போன்றவற்றை.

மூளைப் பாதிகளைச் சூழல் தொட்ட இடம் என்று எனக்குத் தெரிந்து அழகான சான்று ஒன்று உண்டு. அது கோழிக் குஞ்சிடம். முட்டைக்குள் குஞ்சு உட்கார்ந்திருக்கும் நிலையில் வலது கண் ஓட்டைப் பார்த்திருக்கும், இடது கண் உடம்போடு ஒட்டியிருக்கும். ஓட்டின் வழியே கசியும் வெளிச்சம் வலது கண்ணுக்கே கிடைக்கும். அந்த வெளிச்சம்தான் பின்னாளில் தானியத்தைக் கல்லிலிருந்து பிரித்துக் கொத்தும் வேலையை ஒரு பக்கமாக ஒதுக்குகிறது என்று ஆஸ்திரேலியாவில் லெஸ்லி ரோஜர்ஸ் 1980-களில் காட்டினார். இருட்டில் அடைகாத்த முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள், பொறுக்கிக்கொண்டே மேலே பருந்தைப் பார்க்கும் வேலையில் தடுமாறின. எங்கள் மாடியில் ஆயா வளர்த்த கோழி எப்போதும் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானம் பார்க்கும். காரணம் தெரியாமல் நான் அதைப் பல வருஷம் ரசித்திருக்கிறேன்.

உடம்புச் சூட்டைக் காக்கும் இடம் இடதும் இல்லை வலதும் இல்லை. மூளையின் அடியில், நட்டநடுவில், பாதாம்பருப்பு அளவில் ஹைப்போதலாமஸ் என்று இருக்கிறது. ரத்தம் 37 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் தோலுக்கு ரத்தத்தைத் திருப்பிவிட்டு வேர்வையைத் திறக்கும் வேலை அதனுடையது. நம் தோலில் 20 முதல் 40 லட்சம் வேர்வைச் சுரப்பிகள் உண்டு. ஒரு லிட்டர் வேர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். வெயிலில் வேலைக்குப் புதிதாக வருகிறவர் பத்து, பதினான்கு நாளில் பழகுகிறார்: வேர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதிகம் வருகிறது, அதில் உப்புக் குறைகிறது, ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, இதயம் கொஞ்சம் நிதானமாகத் துடிக்கிறது. வெயிலை விட்டு ஒரு மாதம் ஏசியில் இருந்தால் இதில் பெரும்பகுதி போய்விடும். சுரப்பிகளில் எத்தனை வேலை செய்யும் என்பது பிறந்து முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் குழந்தை வளரும் தட்பவெப்பத்தைப் பொறுத்து அமைகிறது என்று யாஸ் குனோ என்ற ஜப்பானிய மருத்துவர் எழுதினார். அப்படியென்றால் நான் ஒரு வயதில் மீன் அன்னக்கூடைக்குப் பக்கத்தில் கோணியில் கிடந்து வேர்த்ததும் என் உடம்பில் எங்கோ எழுதப்பட்டிருக்கிறது.

மற்றது எல்லாம் கற்றுக்கொள்வது. அம்மா விடியற்காலை ஏலத்துக்குப் போகும் முன் கேழ்வரகுக் கூழில் கல்லுப்பும் மோரும் கரைத்துக் குடிப்பார், சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்வார். உப்பும் தண்ணீரும் வேர்வைக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடும். தலையில் ஈரத்துண்டு, அதன்மேல் சும்மாடு. கூடைக்கு ஈரக் கோணி. வெயில் நகர நகரச் சுவர் நிழலோடு கூடவே கடையும் ஒரு முழம் நகரும். கடற்காற்று எத்தனை மணிக்கு ஏறும் என்று காலையிலேயே சொல்லிவிடுவார். ஒவ்வொன்றும் கணக்கு, ஒவ்வொன்றும் திட்டம். இந்தப் பெண்ணைப் பார்த்து வெயில் நாட்டுக்காரருக்குத் திட்டமிடும் மூளை இல்லை என்கிறவரை ஒரே ஒரு மே மாத நாள் அந்தக் கோணியில் உட்கார வைக்க வேண்டும் என்று குழுவில் எழுதினேன். யாரும் பதில் போடவில்லை.

---

ஆனால் அந்தச் செய்தியைவிட என்னை அதிகம் வருத்துவது எதிர்வீட்டு அண்ணன் அன்போடு சொன்ன சொல். பழகின உடம்பு.

மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண்களுக்குக் கூரை கேட்டபோது ஒருவர் சொன்னார், "அவங்களுக்கெல்லாம் பழகிடுச்சும்மா." ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே குழந்தை தூங்காமல் அழுகிறது என்றபோதும் அதே சொல். கொருக்குப்பேட்டையில், கொடுங்கையூரில், எர்ணாவூரில் மரம் நட இடமில்லை என்று சொல்லும்போதும் அதே. 2003 மே 31-ம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது, சென்னையில் பதிவானதிலேயே அதிகம். அன்றைக்கும் அம்மா மீன் விற்றார். அன்று மாலை வீட்டுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்ததை நான் பார்த்தேன். அதைப் பார்க்காதவர்களுக்கு அது பழகிவிட்டதாகத் தெரிந்திருக்கும்.

பழகுவதற்கு எல்லை இருக்கிறது, அந்த எல்லையை வைப்பது காற்றின் ஈரம். வேர்வை ஆவியானால்தான் குளிர்ச்சி. எங்கள் பக்கத்துக் காற்றில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கிறது, வேர்வை ஆவியாக இடமில்லாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி எடுக்கும் ஈரக்குமிழ் அளவு 35 டிகிரியைத் தொட்டால் மனித உடம்பு தாக்குப்பிடிக்காது என்று 2010-ல் கணக்கிட்டார்கள். 2022-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆரோக்கியமான இளைஞர்களைச் சோதனை அறையில் லேசாக நடக்கவிட்டுப் பார்த்தபோது, ஈரக் காற்றில் 31 டிகிரிக்குப் பக்கத்திலேயே உடம்புச் சூடு கைமீறி ஏறத் தொடங்கியது. வெயில் 35 டிகிரியும் ஈரப்பதம் 70 சதவீதமும் இருக்கும் நாளில் ஈரக்குமிழ் அளவு ஏறக்குறைய 30. காசிமேட்டு வைகாசிப் பிற்பகலில் நாங்கள் அந்த விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கிறோம். அறுபத்தைந்து வயது உடம்புக்கு எல்லை இன்னும் கீழே இருக்கும்.

---

நைனா இப்போது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் கழுத்துத் துண்டை எடுக்கும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்தேன். வலது பக்கம் துண்டு நனைந்திருக்கும், இடது பக்கம் ஈரம் குறைவு. சட்டையைக் கழற்றினால் வலது அக்குள், வலது தோள்பட்டை மட்டும் உப்புப் பூத்திருக்கும். முதலில் நாற்காலி போட்ட இடத்தால் என்று நினைத்துத் திருப்பிப் போட்டேன். அப்போதும் வலது பக்கம்தான். பக்கவாதம் வந்தவர்களுக்குச் செயலிழந்த பக்கத்தில் வேர்வை கூடுவதை 1990-களில் பின்லாந்து மருத்துவர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். மூளையின் மேல்பகுதியிலிருந்து எதிர்ப்பக்கத்து வேர்வைக்குப் போகும் தடுப்புக் கட்டளை அறுந்துவிடுவதுதான் காரணம் என்பது அவர்கள் தரும் விளக்கம். நாற்பது வருஷம் பழகிய உடம்பு இன்று பாதிக்குப் பாதி தாறுமாறாக வேர்க்கிறது. புழுங்குகிறது என்று சொல்ல இடது மூளையில் சொல் இல்லை. எழுந்து நிழலுக்குப் போகக் காலும் இல்லை.

அதனால் அந்த வேலைகளை நாங்கள் பிரித்துக்கொண்டோம். அம்மா மணிக்கு ஒரு தரம் உப்புப் போட்ட மோர் கொடுப்பார். மகள் பள்ளிவிட்டு வந்ததும் தாத்தாவின் வலது தோளில் ஈரத்துண்டைப் போடுவாள், இடது கையால்தான். அவள் இப்போது பதினொன்றாம் வகுப்பில் கணக்கு எடுத்திருக்கிறாள். நாற்காலியை நிழலோடு நகர்த்துவது எதிர்வீட்டு அண்ணன். யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்த மே மாதத்துக்குப் பிறகு தினமும் பதினொரு மணிக்கு அவராகவே வந்து நகர்த்துகிறார். தெருவில் யாருக்காவது தலை சுற்றினால் முதலில் கையைத் தூக்கச் சொல்கிறார், சிரிக்கச் சொல்கிறார், பேச வைத்துப் பார்க்கிறார்.

போன வாரம் ஒரு நாள் மதியம் ஒன்றரை மணி. கொடியில் போட்டிருந்த துணி அசையவில்லை. அண்ணன் நாற்காலியைப் பிடித்து மேற்குச் சுவரோரம் தள்ளப் போனார். நைனா இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். கையைக் கிழக்கே கடல் பக்கம் நீட்டி, "தண்ணி" என்றார். அண்ணன் அவர் முகத்தைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். நாற்காலியைக் கடலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும், கொடியில் அம்மாவின் சேலைத் தலைப்பு முதலில் தூக்கியது.